கொக்கி போல்ட்டுக்கு உபயதாரர் இல்லை

உலகத்துப் பொருள்கள் அனைத்தையும் இரண்டே வகைகளில் அடக்கிவிடலாம்: பெயர் எழுத இடமுள்ளவை, பெயர் எழுத இடமில்லாதவை. காசியிலும் கிரேக்கத்திலும் அமர்ந்து நூற்றாண்டுக் கணக்கில் சிந்தித்த ஞானிகளுக்குப் பிடிபடாத இவ்வுண்மை, மதுரையிலிருந்து மேலூர் செல்லும் சாலையோரத்து நடுப்பொட்டல் கிராமத்தாருக்கு 1981ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் ஒரே மாலைப் பொழுதில் பிடிபட்டது. அவ்வேளையில் உடனிருக்கும் பேறு எனக்கு வாய்த்தது. நான் பள்ளிக் கூரைக் குழுவின் செயலாளர்.

இப்பதவி எனக்குத் தகுதியின் அடிப்படையிலேயே வந்தது. மதுரையில் ஒரு கல்லூரியில் தமிழ் கற்பித்துக்கொண்டு, நவீனத் திறனாய்வு குறித்து ஆய்வும் செய்துவந்தேன். குழுத் தலைவர் விருமாண்டி என்னை அழைத்து, “நீ எழுதுனா ஒருத்தனுக்கும் வெளங்காதாமே தம்பி? தீர்மானம் எழுத நீதான் தோது” என்றார். என் ஆய்வுக்கு இதனினும் உயர்ந்த மதிப்புரை இன்றுவரை கிடைக்கவில்லை.

எங்கள் மிஷன் பள்ளியின் மூன்றாம் வகுப்புக் கொட்டகை ஓலை வேய்ந்தது. அதை இரும்புச் சட்டத்தின்மேல் தகர ஷீட்டுக் கூரையாக மாற்றுவதென ஊர் முடிவு செய்தது. வேண்டியவை முப்பத்தாறு ஷீட்டுகள். ஒரு ஷீட்டுக்கு ஓர் உபயதாரர்; ஒவ்வொருவர் பெயரும் அவரவர் ஷீட்டின் மேற்புறத்தில் சிவப்பு வண்ணத்தில் எழுதப்படும் என்று அறிவித்தோம். எங்கள் ஊரின் கொடையுணர்ச்சி அன்று கரையுடைத்தது. சாலையைப் பார்த்த சரிவின் பதினெட்டு ஷீட்டுகளும் விளக்கு வைப்பதற்குள் தீர்ந்தன. மேலூர்ப் பேருந்தில் செல்வோர் அனைவரும் படிக்கத்தக்க சரிவு அது. பின்சரிவோ ஒரு குட்டையையும் சில பனைமரங்களையும் மட்டுமே பார்த்திருந்தது. அதற்கு ஆள் தேறவில்லை. குழு உடனே கூடி, குட்டைப் பக்கமாகவும் ஒரு சாலை அமைக்க அரசை வேண்டித் தீர்மானம் நிறைவேற்றியது. மறுநாளே பின்சரிவும் நிறைந்தது. நிர்வாகம் என்பது இதுதான்.

ஷீட்டுகள் வந்தன; பெயர்கள் எழுதப்பட்டன; சட்டத்தின்மேல் அடுக்கப்பட்டன. திறப்பு விழாவில் தலைமையாசிரியர் லாசர், “இது கூரை அல்ல, நன்றி மறவாத நெஞ்சம்” என்று பேசினார். கைதட்டல் ஓய்ந்ததும், ஷீட்டுகளை அடுக்கிய மேலூர்ப் பிட்டர் மொக்கையன் தலையைச் சொறிந்தபடி மேடைக்கு வந்தார்.

“அண்ணே, கூரை இன்னும் முடியலண்ணே. சும்மா எடுத்து வச்சிருக்கு, அம்புட்டுத்தான். ஷீட்டுக்கு நாலு கொக்கி போல்ட்டு மாட்டணும். கீழ கொக்கி சட்டத்தக் கவ்விக்கிரும், மேல தார் வாஷரப் போட்டு நட்ட முறுக்கிட்டா காத்து ஒண்ணும் புடுங்க முடியாது.”

“மொத்தம் எம்புட்டு வேணும்?” என்று விருமாண்டி கேட்டார்.

“நூத்தி நாப்பத்தி நாலுண்ணே.”

அவசரக் கூட்டம் அங்கேயே கூட்டப்பட்டது. போல்ட்டுகளுக்கு உபயதாரர் வேண்டும் என்று நான் அறிவித்தேன்.

“ஒரு போல்ட்டு எத்தாம் பெருசு இருக்கும்?” என்று தலைவர் வினவினார்.

மொக்கையன் கையை நீட்டி, மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரை தொட்டுக் காட்டினார். “நீளம் இம்புட்டு. கனம் சுண்டுவிரலு கூட இல்ல.”

“இதுல பேர எங்கிட்டு எழுதுறது?”

“எழுத முடியாதுண்ணே. மாட்டத்தான் முடியும்.”

கூட்டத்தில் பலர் செருப்பைத் தேடத் தொடங்கினர். கருத்தக்கண்ணன் என்னும் உபயதாரர் மட்டும் மனம் தளராமல், “இனிஷியலாச்சும்?” என்றார்.

“நட்டப் போட்டு முறுக்குனா அதுவும் மறைஞ்சிரும் மாப்ள.”

அக்கணத்தில்தான், நான் முதலில் குறிப்பிட்ட பேருண்மை எங்கள் ஊர்மீது இறங்கியது. ‘காற்று வீசக்கூடிய சாத்தியம் குறித்துத் தக்க தகவல் கிடைத்தபின் போல்ட்டுப் பொருள் மீண்டும் பரிசீலிக்கப்படும்’ என்று தீர்மானம் எழுதினேன். இடைக்கால ஏற்பாடாக, ஷீட்டுகளின்மேல் சில செங்கற்களும் இரண்டு பழைய அம்மிகளும் ஏற்றப்பட்டன. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லி வைத்த முன்னோரின் கூற்றை அறிவியல் முறையில் சோதிக்க எங்கள் ஊரே முதன்முதலாக முன்வந்தது என்பதைப் பணிவுடன் தெரிவிக்கிறேன்.

இம்முடிவை ஏற்காத ஒரே ஆள் மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஆனிமேரி. அக்கூரையின்கீழ் அமர்ந்தவர்கள் அவருடைய பிள்ளைகள், நாற்பத்து மூன்று பேர். அக்காரணத்தாலோ என்னவோ அவருக்கு இப்பொருளில் நடுநிலை வாய்க்கவில்லை.

“தகவல் கிடைச்ச பொறகா? தகவல் ஆடி பொறந்தா நேர்லயே வரும் சார்” என்றார் என்னிடம். “ஒரு ஷீட்டு சரிஞ்சு எறங்குனா பிள்ளைக கழுத்து போயிரும். இதத் தீர்மானத்துல எழுதுங்க.”

‘கழுத்து’ என்பது தீர்மானத்துக்குரிய சொல் அன்று என்பதை நான் நயமாக விளக்கினேன்.

பத்து நாள் கழித்து அவர் ஒரு சாக்குமூட்டையுடன் குழுவின் முன் வந்து நின்றார். அவருடைய தம்பி ஞானமுத்து மதுரையில் ஓர் ஆலையில் வேலை செய்பவர். அங்கே பிரித்துப் போட்ட ஷெட்டின் பழைய கொக்கி போல்ட்டுகளை முதலாளியிடம் கேட்டு வாங்கி அனுப்பியிருந்தார். நூற்று நாற்பத்து நான்குக்கு மேலேயே இருந்தன. தார் வாஷர்களும் இருந்தன. யார் பெயரும் வேண்டாம், மாட்டினால் போதும் என்றார் ஆனிமேரி. பெயர் வேண்டாத கொடையை எங்கள் குழு அதற்குமுன் கண்டதில்லை. இதற்குள் ஏதேனும் சூது இருக்கலாம் என்று ஓர் உறுப்பினர் ஐயுற்றதைப் பதிவு செய்தேன்.

ஆயினும் ஊர் நலன் கருதிப் போல்ட்டுகளை ஏற்றோம். மொக்கையன் கை டிரில்லுடன் ஏணியில் ஏறினார். முதல் ஷீட்டில் டிரில்லை வைத்ததும் கீழிருந்து ஓர் அலறல் கேட்டது.

“டேய்! எங்கடா ஓட்ட போடுற?”

“சட்டம் போற எடத்துலதாண்ணே.”

“அது என் பேருடா! என் நடுப்பேருல தொளையப் போடுறியே, நான் உசுரோட இருக்குறது கண்ணுக்குத் தெரியலயா?”

அலறியவர் தலைவர் விருமாண்டியே. உடனே முப்பத்தாறு உபயதாரர்களும் கொட்டகையைச் சூழ்ந்தனர். ஷீட்டு நிறையப் பெரிதாக எழுதச் சொல்லியிருந்ததால் பெயரைத் தொடாமல் துளையிட எங்குமே இடமில்லை. ஒருவர் காலஞ்சென்ற தந்தையின் பெயரை எழுதியிருந்தார். செத்தவரைக் குத்துவதா என்று கண் கலங்கினார். இன்னொருவர் பெயருக்குப் பதிலாகக் குலதெய்வத்தை எழுதியிருந்தார். அந்த ஷீட்டைத் தொடமாட்டேன் என்று மொக்கையனே கீழே இறங்கிவிட்டார்.

நெருக்கடியைத் தீர்க்க நான் ஒரு யோசனை சொன்னேன்: மெய்யெழுத்துகளின் புள்ளியில் துளையிட்டால் போல்ட்டின் தலையே புள்ளியாக நிற்கும்; பெயருக்கும் பழுதில்லை. அறிஞர் எவரும் இதைப் பாராட்டியிருப்பர். மொக்கையன் மட்டும், “சட்டம் இருக்குற எடத்துல புள்ளி இல்லையே சார். புள்ளி இருக்குற எடத்துக்குச் சட்டத்த நவுத்தவா?” என்று கேட்டார். நடைமுறையாளர்களுக்குக் கோட்பாடு என்றும் பிடிப்பதில்லை.

‘துளை குறித்த பொருள் ஒத்திவைக்கப்படுகிறது’ என்று எழுதினேன். போல்ட்டு மூட்டை, அதே கூரையின்கீழ் இருந்த தலைமையாசிரியர் அறையில் நாற்காலிக்கு முட்டாகக் கொடுக்கப்பட்டது.

ஆடி பிறந்தது. ஆனிமேரி மாதா கோயிலுக்குப் போனார். கோயில்பிள்ளையிடம் சாவி வாங்கித் தம் பிள்ளைகளை அங்கே கொண்டுபோய் அமர்த்தினார். லாசர் அவருக்கு மெமோ கொடுத்தார். ‘நன்கொடையாளர் அமைத்த கூரையின்மீது அவநம்பிக்கை காட்டி, மாணவர் மனத்தில் அச்சத்தை விளைவித்தமை’ என்னும் அதன் முதல் வாக்கியம் என்னுடையது.

“கையெழுத்துப் போட்டுத் தாங்க டீச்சர்” என்றார் லாசர். “எனக்கும் மேலருந்து கேக்குறாக.”

“போட்டுட்டேன் சார். நீங்களும் அந்த ரூம விட்டு வெளிய வந்துருங்க. மேகாத்து வலுத்துருச்சு.”

மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்குத் தகவல் கிடைத்தது. செங்கற்கள் முதலில் உருண்டன. அம்மிகள் பறக்கவில்லை; ஆகவே பழமொழி பொய்த்தது என்று உறுதியாகக் கூறலாம். அம்மிக்குக் கீழிருந்த ஷீட்டுதான் பறந்தது. மொத்தம் பத்து ஷீட்டுகள் குட்டையையும் பனைமரங்களையும் தாண்டிப் போயின. பதினோராவது ஷீட்டு ஓரம் கீழாகக் கொட்டகைக்குள் இறங்கி, மூன்றாவது பெஞ்சை இரண்டாக வெட்டி நின்றது. குழு ஓடோடி வந்து பார்த்தது. ஷீட்டுக்குச் சேதமில்லை. எழுத்தும் அழியவில்லை.

பெருந்துயரம் வேறு திசையிலிருந்து வந்தது. பறந்த மற்றவை அன்றே பள்ளிக்குத் திரும்பின; தலைவர் விருமாண்டியின் ஷீட்டு மட்டும், அவருடைய பங்காளி தவசியின் கடலைக் காட்டில் மல்லாந்து கிடந்தது. இருவருக்கும் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பேச்சு வார்த்தை கிடையாது. எடுக்கப் போனவர்களிடம் தவசி வரப்பில் நின்றுகொண்டு சொன்னார்:

“நான் கூப்புடல. அவனா வந்து எங் காட்டுல விழுந்து கெடக்கான். மன்னிப்புக் கேக்க வந்திருக்கான் போல. கேட்டு முடிக்கட்டும், அனுப்புறேன்.”

“என் பேரு அவன் காட்டுல கெடந்து காயுறதா?” என்று விருமாண்டி துண்டை உதறித் தோளில் போட்டார். பஞ்சாயத்து கூடியது. மூன்று நாள் நடந்தது. ஊரே அங்கிருந்தது, நானும் குறிப்பேட்டுடன் இருந்தேன். பள்ளியின் பக்கம் எவரும் எட்டிப் பார்க்கவில்லை. வரலாற்று முக்கியத்துவம் வாய்ந்த அம்மூன்று நாள்களில், வேறு வேலை ஏதும் நடந்திருக்கக்கூடும் என்று நாங்கள் எப்படி எதிர்பார்க்க முடியும்?

நான்காம் நாள் தவசி மனமிரங்கினார். தலைவரின் ஷீட்டை இருவர் தோளில் சுமக்க, மேளம் முன்செல்ல, நாங்கள் பள்ளியை அடைந்தோம். மேளம் நின்றது.

கூரை பளபளவென்று வெறுமையாய் மின்னியது. ஒரு பெயர்கூட இல்லை. வரிசை வரிசையாகப் போல்ட்டுத் தலைகள் மட்டும் வெயிலில் தெரிந்தன. உச்சியில் மொக்கையன் கடைசி நட்டை முறுக்கிக்கொண்டிருந்தார். கீழே ஆனிமேரி, சேலையை இழுத்துச் செருகியபடி ஏணியைப் பிடித்து நின்றார்.

“பேரெல்லாம் எங்க டீச்சர்?” என்றார் விருமாண்டி.

“உள்பக்கமா இருக்குங்க. ஷீட்டத் திருப்பிப் போட்டாச்சு. பிள்ளைக அண்ணாந்து பாத்தா படிச்சிக்கிரும்.”

“ரோட்டுல போறவன் எப்புடிப் படிப்பான்?”

“ரோட்டுல போறவன் இதுக்குக் கீழ உக்காரலயேங்க.”

“தொள?”

“போட்டாச்சு. ஷீட்டுக்கு நாலு.”

விருமாண்டி தோளிலிருந்த துண்டைக் கையிலெடுத்து, மேலே நோக்கி, “டேய் மொக்கையா, எல்லாத்தையும் கழட்டு” என்றார்.

மொக்கையன் இறங்கவில்லை. “கழட்டலாம்ணே. கழட்டிப் பழையபடி திருப்புனா, பேருல ஓட்ட இருக்குறது ரோட்டுல போற அம்புட்டுப் பேருக்கும் தெரியும். பரவால்லயா?”

முப்பத்தைந்து உபயதாரர்களும் ஒரே குரலில் வேண்டாம் என்றனர். தலைவர் தம் ஷீட்டை மட்டும் துளைபடாமல் வீட்டுக்கு எடுத்துச் சென்றார். அது இருந்த இடத்தை ஞானமுத்து அனுப்பிய பழைய ஷீட்டு ஒன்று ஏற்கெனவே அடைத்திருந்தது.

விசாரணைக் குழு அன்றே அமைக்கப்பட்டது. குற்றங்களை நான் தொகுத்து எழுதினேன். தீர்மானமின்றிக் கூரையைப் பொருத்தியது, முப்பத்தைவர் பெயரைக் குப்புறக் கவிழ்த்தது, ஒத்திவைக்கப்பட்ட துளைகளை இட்டது ஆகியவை அவற்றுள் தலையானவை. லாசர் தாம் மூன்று நாளும் காய்ச்சலில் படுத்திருந்ததாக வாக்குமூலம் அளித்தார். ஆனிமேரி எதையும் மறுக்கவில்லை. “அடுத்த காத்துக்குக் கழண்டுச்சுன்னா எனக்கு என்ன தண்டனை வேணாலும் குடுங்க” என்றார். அதுவரை காத்திருப்பது நிர்வாகத்துக்கு அழகல்ல என்பதால், டி. கல்லுப்பட்டிக்கு அப்பால் ஓர் ஓலைக்கூரைப் பள்ளிக்கு அவர் உடனே மாற்றப்பட்டார்.

எங்கள் தீர்ப்பு அவசரமானது என்று சிலர் அப்போது முணுமுணுத்தனர். அதன்பின் மூன்று ஆடிகள் கடந்துவிட்டன. மேலூர்ப் பக்கம் எத்தனையோ கூரைகள் போயின. எங்கள் பள்ளிக் கூரையில் ஒரு ஷீட்டுகூட அசையவில்லை. இதைவிட வேறென்ன நிரூபணம் வேண்டும்? அந்த அம்மையாரின் குற்றம் ஆண்டுதோறும் ஐயந்திரிபற உறுதிப்பட்டு வருகிறது. சாட்சிகளும் கலையவில்லை. நாற்பத்து மூன்று பேரும் உயிரோடிருக்கிறார்கள்.