மோசமான நாடகம், நீளமான மேசை

மோசமான நாடகங்களை மட்டுமே தேடிப் பிடித்துப் பார்க்கிற மனிதர் இந்தச் சென்னைப் பட்டணத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் மேல்மாடி அண்ணன். பேரைக் கேட்காதீர்கள், துறைமுகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. கன்டெய்னர் தூக்கும் கிரேனின் உச்சியில், கண்ணாடிப் பெட்டி மாதிரி ஒரு கேபினில் தனியாக உட்கார்ந்து வேலை பார்ப்பவர், அதனால் மேல்மாடி. கீழே ஒரு சரக்குக் கிளியரிங் ஆபீசில் குமாஸ்தாவாகக் குப்பை கொட்டும் எனக்கு, மதியம் அவர் கேன்டீனுக்கு இறங்கி வரும்போதுதான் தரிசனம்.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை அண்ணன் மயிலாப்பூருக்கு நாடகம் பார்க்கக் கிளம்புவார். ராயபுரத்துக்காரரான அவருக்கு அது வெளியூர். தண்ணி பாட்டில், துண்டு, முகத்தில் பவுடர் என்று சகல ஏற்பாடும் உண்டு. எந்த நாடகம் என்று முடிவு பண்ண கேன்டீனில் ஒரு வாரம் ஆராய்ச்சி நடக்கும்.

"நைனா, ஒன் போன்ல பாரு. இந்த டிராமாவ எவனாச்சும் நல்லா கீதுன்னு எழுதிகீறானா?"

"எல்லாரும் அருமைன்னு எழுதியிருக்காங்கண்ணே. கண்ணுல தண்ணியே வந்துடுச்சாம்."

"அய்யய்யே, அப்ப வேணாம். அடுத்தத பாரு."

"இதுக்குப் போய்த் தூங்கிட்டேன்னு ஒருத்தர் போட்டிருக்காரு. இன்னொருத்தர் கெட்ட வார்த்தையே போட்டிருக்காரு."

"ஷோக்கா கீதே! இத்தயே முடிச்சிக்கலாம்."

அடுத்தது ராத்திரி சாப்பாடு. சபாவிலிருந்து நடந்து போகிற தூரத்தில் உள்ள மெஸ்ஸுக்கெல்லாம் போன் அடிப்பார். என்ன ஸ்பெஷல் என்று கேட்க மாட்டார். "அலோ, ஒங்க கடையில டேபிள் நீளமா கீதா, துண்டு துண்டா கீதா?" என்பார். ஒரு கடைக்காரர் பயந்துபோய், "கல்யாண ஆர்டரா சார்?" என்று கேட்டுவிட்டார். ஏசி ரூம், ரெண்டு பேர் உட்காரும் மேசை என்று யாராவது பெருமை அடித்தால், அண்ணன் மறுபேச்சில்லாமல் போனை வைத்துவிடுவார்.

உயரத்திலேயே இருந்து மண்டைக்குள் காத்து பூந்துடுச்சு என்று கேன்டீனே சிரிக்கும். நானும்தான் சிரித்தேன். ஒரு சனிக்கிழமை, வீட்டில் எல்லோரும் ஊருக்குப் போயிருக்க, பொழுது போகாமல் "நானும் வரேண்ணே" என்றேன். "மெய்யாலுமா?" என்றார். ஸ்டேஷனுக்கு நான் வந்து நின்ற பிறகும் அதையே கேட்டார்.

பீச் ஸ்டேஷனில் மாறி, பறக்கும் ரயிலில் உட்கார்ந்ததும் அவர் வாய் ஓயவில்லை.

"போன மாசம் ஒரு டிராமா நைனா. செத்துப் போன அப்பன் நடுவூட்ல படுத்துகினு கீறான். புள்ள ஒப்பாரி வச்சிகினு கீறான். பொணம் தும்மிடுச்சி!"

"ஐயையோ! அப்புறம்?"

"புள்ள இன்னா செய்வான் பாவம்? 'நூறாயுசு'ன்னுட்டான்! அப்பால மெஸ்ஸுல ஒரே அதகளம். எதிர்ல குந்தினிருந்த பேங்க் சாரு சிரிச்ச சிரிப்புல சாம்பார என் எலையில ஊத்திட்டாரு. பக்கத்துல ஒரு அம்மா, 'நீங்களே சொல்லுங்க சார், இது அடுக்குமா'ன்னு என்னாண்ட கேக்குது. என்னாண்ட!"

அந்த இரண்டாவது "என்னாண்ட"வில்தான் எனக்கு உறைத்தது. அண்ணனும் கொஞ்சம் அடங்கினார்.

"நல்ல டிராமா பாத்தா ஜனம் மூச்சு வுடாம வூட்டுக்குப் பூடுது நைனா. மோசமான டிராமான்னா வயிறெரிஞ்சி, தெரியாத ஆளாண்டகூடப் பேசும். நாள் முச்சூடும் நான் மேல குந்தினு கீறேன். வாக்கிடாக்கில ஏத்து, எறக்கு, நிறுத்து, அவ்ளோதான் பேச்சு. வூட்டுக்குப் போனா அதுவும் இல்ல. கண்ணாலமும் கட்டல. ஒரே தங்கச்சி, மீஞ்சூர்ல கீது. சோத்த நின்னுகினே துன்னுட்டுப் படுத்துடுவேன். குந்தி துன்னா எதிர்ல ஆளு இல்லாதது தெரியுது."

மனசு கனத்துப் போய் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன்.

சபாவில் காத்திருந்தது இடி. நாங்கள் பொறுக்கி எடுத்த நாடகத்தின் கதாநாயகனுக்குக் காய்ச்சலாம். பதிலாக வேறொரு குழுவின் நாடகம். பாழாய்ப்போன அந்த நாடகம் அற்புதமாக இருந்தது! வருஷக்கணக்கில் பேசாத அண்ணனும் தம்பியும் கடைசிக் காட்சியில் ஒரே தட்டில் கை வைத்தபோது அரங்கமே மூக்கை உறிஞ்சியது. "பேஜாராப் பூட்ச்சி நைனா, நல்லா கீதே" என்று என் காதைக் கடித்த மேல்மாடி அண்ணனுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

மெஸ்ஸில் மேசை சொன்னபடி நீளம்தான். இரண்டு பக்கமும் சபாக் கூட்டம்தான். ஆனால் ஒரு சத்தம் இல்லை. ஆளாளுக்கு அடையைப் பார்த்தபடி சாப்பிட்டார்கள். எதிரில் இருந்த கண்ணாடிக்காரரிடம் அண்ணன், "சார், அந்தத் தம்பியா வந்த ஆளு..." என்று ஆரம்பித்தார். அவர் தலையை ஆட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டு அடைக்கே திரும்பிவிட்டார். பக்கத்து அம்மாள் பக்கம் சட்னியை நகர்த்திப் பார்த்தார். "தேங்க்ஸ்." அத்தோடு சரி. மாசம் பூரா இதற்காகக் காத்திருந்த மனிதர், ஒரு விள்ளல்கூடப் பிய்க்காமல் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். என்னால் தாங்க முடியவில்லை.

"இதெல்லாம் ஒரு நாடகமா? சுத்த வேஸ்ட்!" என்று மேசையில் ஓங்கித் தட்டினேன்.

அவ்வளவுதான்! "என்ன சார் பேசறீங்க?" என்று கண்ணாடிக்காரர் எழுந்தே விட்டார். "மனுஷன்னா கொஞ்சமாவது ஈரம் வேணும்" என்றார் அந்த அம்மாள். வெண்ணெய் கொண்டுவந்த சர்வர்கூட என்னை ஒரு மாதிரி பார்த்தார். எங்கள் அண்ணனோ பட்டென்று எதிர்க்கட்சியில் சேர்ந்துவிட்டார். "அவன வுடு சார், அவனுக்கு இன்னா தெரியும்? அந்தத் தம்பி தட்டாண்ட வந்து நின்னான் பாரு, அந்த எடம் எப்டி கீது, நீ சொல்லு!" கண்ணாடிக்காரர் சொன்னார், அம்மாள் சொன்னார், மேசையே சொன்னது. அண்ணன் இரண்டாவது அடை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவ எழுந்திருக்கும் வரை என் மானம் கப்பலேறியது.

திரும்பி வந்து, பீச் ஸ்டேஷனில் ராயபுரம் வண்டிக்கு நிற்கும்போது கேட்டார்.

"மெய்யா சொல்லு நைனா. டிராமா ஒனக்குப் புடிக்கலியா?"

"ரொம்பப் புடிச்சுதுண்ணே."

குனிந்து செருப்பால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த மாசமும் வர்றியா? நீ வர்றதா இருந்தா..." என்று இழுத்தார். "நல்ல டிராமாவுக்கே போலாம்."

அதற்கப்புறம் மாதா மாதம் இருவரும் போகிறோம். பார்த்தது எல்லாமே நல்ல நாடகம்தான். ஒன்றிரண்டுக்குப் பாதி சபா எழுந்து போனது. அது அவர்கள் பாடு. எங்களுக்குப் பிடித்திருந்தது.