கத்தரிக்காய் வந்த தோட்டம்

கடைக்குப் பின்னால் இருந்த சரக்கறையில் அன்று கூடியவர்கள் நான்கு பேர். இருந்த ஒரே நல்ல நாற்காலியில் சூப்பர் மார்க்கெட்டின் கொள்முதல் அதிகாரி. அவருக்கு வலப்பக்கம், அரிசி மூட்டை மேல் கைக்குட்டை விரித்து, அவரோடு வந்த கணக்காளர் அம்மாள். எதிரே, கவிழ்த்துப் போட்ட பழப்பெட்டியில் தம்பி. அக்கா உட்காரவில்லை, கதவை மறைத்துக்கொண்டு நின்றாள். எடை போடும் தராசண்ணன் வெளியே தராசடியில் இருந்ததால் கணக்கில் சேரவில்லை.

நடுவில், மேசை மேல், ஒரு கூடை சொத்தைக் கத்தரிக்காய்.

ஊருக்கு நாலு கிளை வைத்திருந்த அந்த சூப்பர் மார்க்கெட்டுக்கு அக்காவின் இயற்கை மளிகைக் கடைமேல் கண் விழுந்திருந்தது. கடையில் பாதி அக்காவுடையது, பாதி தம்பியுடையது. இரண்டு கையெழுத்தும் விழுந்தால்தான் விற்பனை. தம்பி பேனா மூடியைத் திறந்தே வைத்திருந்தான். அக்காவோ தன் கையால் வளர்த்த கடையைக் கொடுப்பதாக இல்லை. நேரே சொன்னால் வீட்டில் தினமும் சண்டை. அவர்களே பார்த்துவிட்டு வேண்டாமென்று போய்விட்டால் இவன் வாய் அடைக்கும் என்று கணக்குப் போட்டாள்.

அதற்குத்தான் காலையிலேயே தராசண்ணனைத் தனியே கூப்பிட்டு, "எங்கேயாவது போய் ஒரு கூடை சொத்தைக் கத்தரிக்காய் கொண்டு வாங்கண்ணே" என்றாள். சொந்தக் கடையில் ஒன்றுகூடத் தேறவில்லை; சொத்தையைத் தராசண்ணன் தராசின் நிழலில்கூட அண்டவிடமாட்டார்.

"சொத்தை கேட்டு வாங்குற முதலாளியை இன்னிக்குத்தாம்மா பார்க்குறேன்" என்று முனகிக்கொண்டு போனவர், போன வேகத்தில் கூடையோடு திரும்பிவிட்டார்.

அதிகாரி ஒரு காயை எடுத்துப் பிட்டார். உள்ளேயிருந்து ஒரு புழு தலையை நீட்டி எட்டிப் பார்த்தது. அக்கா மனதுக்குள் கைதட்டினாள்.

"அடடா! உயிரோட இருக்கு பாருங்க!" அதிகாரி எழுந்தே நின்றுவிட்டார். "மருந்து அடிச்ச காயில புழு தங்குமா? இதுல்ல சரக்கு!"

கணக்காளர் அம்மாள் விலையை ஒரு படி ஏற்றி எழுதினார். தம்பி பழப்பெட்டியோடு முன்னால் நகர்ந்தான்.

"எந்தத் தோட்டத்துக் காய்ங்க இது?"

அக்காவுக்கே தெரியாது. "அதெல்லாம் வெளியில சொல்றதில்ல."

"அப்படித்தான் இருக்கணும்!" இன்னொரு படி.

அக்கா விடுவிடென்று வெளியே போய் ஃபியூஸைப் பிடுங்கினாள். "கரண்ட் இங்க இப்படித்தாங்க. பாதி நாள் இருக்காது."

"கரண்டே இல்லாம இவ்வளவு பசுமையா வச்சிருக்காங்க சார்!" என்றது இருட்டில் கணக்காளர் குரல். பேனா ஓடும் சத்தமும் கேட்டது.

கடைசி ஆயுதம் ஒன்றுதான் மிச்சம். கடையில் எலுமிச்சம்பழத்தை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்த, தினமும் வரும் வாடிக்கையாளரான டீச்சர்மீது பாய்ந்தாள். "அமுக்காதீங்க! வாங்கினா வாங்குங்க, இல்லாட்டி நடையைக் கட்டுங்க!"

டீச்சர் அசரவில்லை. எட்டிப் பார்த்த அதிகாரியிடம், "இன்னிக்குக் கொஞ்சம் கம்மியாத்தான் திட்டுறாங்க. உடம்பு சரியில்லையோ என்னவோ" என்று கவலைப்பட்டுவிட்டு, இன்னும் ஒரு கிலோ போடச் சொன்னார்.

அதிகாரி சொக்கிப்போனார். "முடிவு பண்ணிட்டோம். கடை எங்களுக்கு, அந்தக் கத்தரிக்காய்த் தோட்டத்துப் பேரும் எங்களுக்கு. உங்களுக்கு எங்க ஆபீஸ்ல ஒரு மேசை, ஆலோசகர்னு ஒரு பலகை."

"எங்க தராசண்ணனுக்கு?"

"எங்ககிட்ட மெஷின் இருக்கேம்மா." அவர் சிரித்தார். "கலந்து பேசி எழுத்துல கொடுங்க. வெளியில கார்ல இருக்கோம்."

அவர்கள் போனதும் தம்பி பேனாவை நீட்டினான். "அக்கா, கண்ணை மூடிக்கிட்டுக் கையெழுத்துப் போடு."

"திறந்துகிட்டே எழுதுறேன், தள்ளு."

எழுதினாள்: "ஐயா, என் கடைப் புழுவுக்கு ஒரு விலை, இருட்டுக்கு ஒரு விலை, என் வாய்க்கு ஒரு விலை போட்டீர்கள். நன்றி. தராசுக்கு மட்டும் விலை போடத் தெரியவில்லை. கடை விற்பனைக்கு இல்லை. இன்னும் எத்தனை படி ஏறினாலும் இல்லை. உங்கள் கடைக்கு எதிரிலேயே ஒரு கிளை திறக்க உத்தேசம்."

"இது போச்சுன்னா உனக்கும் எனக்கும் பேச்சே கிடையாது!"

"ரொம்ப நல்லது. கடையில வேலையாவது நடக்கும்." தராசண்ணனைக் கூப்பிட்டாள். "அண்ணே, தோட்டத்துப் பேர் கேட்டாரே, அதை மட்டும் கீழே நீங்களே எழுதி, ஒட்டிக் கொடுத்துட்டு வந்துடுங்க. நமக்கு வேணாம்னாலும் அந்த விவசாயிக்காவது நாலு காசு கிடைக்கட்டும்."

தராசண்ணன் ஒரு வரி எழுதினார். உறையில் போட்டு, பசை தடவி, ஓரமெல்லாம் கட்டைவிரலால் நீவி ஒட்டினார். கார் ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு வந்தார்.

"எந்தத் தோட்டம்ணே அது?" என்றான் தம்பி, எரிச்சலோடு. "நான் அங்கேயாவது போய் வேலைக்குச் சேர்ந்துக்கிறேன்."

"தோட்டம் ஏது தம்பி? அவங்க கடைப் பின்வாசல்னுதான் எழுதியிருக்கேன். குப்பையில கொட்ட வச்சிருந்தாங்க. கேட்டதும் கூடையோட கொடுத்துட்டாங்க."