கொழும்புக் கத்தாழை

காசிலிங்கம் பூந்தொட்டியை இரண்டு கால்களுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கத்தாழையை அடியோடு பிடித்து இழுத்தான். கத்தாழை வரவில்லை. முழங்கையில் நாலு முள் ஏறியதுதான் மிச்சம்.

பதினோரு வருஷம் துறைமுகத்தில் நிலக்கரிக் கூடை சுமந்த உடம்பு. அந்த உடம்புக்கு எதிரே இந்த முழங்கால் உயரச் செடி அசைய மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தது.

தோள்பட்டை இறங்கிப்போன பிறகு கரிக் கங்காணி அவனைச் சேர்க்கவில்லை. மரியான் தண்டல் வீட்டில் தோட்டத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றான். மரியானுக்குச் சொந்தத்தில் தோணி உண்டு; தண்டலாக அவரே அதை ஓட்டிக்கொண்டு மாதத்துக்கு ஒரு தரம் கொழும்பு போய் வருவார். ஆளைப் பார்த்தது அவர் மனைவி ஹில்டா அம்மா. தோட்ட வேலை தெரியுமா என்று கேட்டாள். பரம்பரையே தோட்டம்தான் என்றான். ரோஜாவுக்கு என்ன போடுவாய் என்றாள். அவனுக்குத் தெரிந்த ஒரே சரக்கு கரி. கரித்தூள் என்றான். அந்த அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நாளைக்கே வா என்றாள்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. துறைமுகத்தில் பாதிப்பேர் வேலையில்லாமல் பீடி குடித்துக்கொண்டு நின்றார்கள். இங்கே இரண்டு வேளைச் சோறு, நிழலில் வேலை. இதை விட்டால் அவனுக்கு உப்பளம்தான். அந்தத் தோளை வைத்துக்கொண்டு உப்பளத்தில் ஒரு மாதம் தாங்க மாட்டான். அது அவனுக்கும் தெரியும், அவன் பெண்டாட்டிக்கும் தெரியும்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வாரம் ஹில்டா அம்மா, சமையல்காரி பிலோமியையும் கூட்டிக்கொண்டு மணப்பாட்டுத் திருவிழாவுக்குக் கிளம்பினாள். பன்னிரண்டு நாள். வண்டியில் ஏறுமுன் முன்வாசலில் இருந்த கத்தாழையைக் காட்டினாள். தண்டல் கொழும்பிலிருந்து தோணியில் மடியில் வைக்காத குறையாகக் கொண்டுவந்த செடி. கரை இறங்கி வீட்டுக்கு வந்தால் முதலில் அதன் பக்கத்தில்தான் போய் நிற்பார்.

"அடி ஓட்டையில வேரு எட்டிப் பாக்குது, தொட்டி மாத்தணும். அய்யா கரைக்கு வாரதுக்குள்ள நீயே மாத்திரு. யாருட்டயும் போய்க் கேக்காண்டாம். உனக்குத் தெரிஞ்சபடி செய்யி."

அவன் கைக்கு அது வராததால், கேட்கக் கூடாது என்று சொன்ன மறுநாளே கேட்கப் போனான்.

பார்க்க அது ரயில் பாதை வேலியில் மைல் கணக்கில் நிற்கிற கத்தாழை மாதிரியேதான் இருந்தது. ஆனால் பெரிய வீட்டு வாசலில், பூப்போட்ட தொட்டியில் இருப்பதால் வேறாகத்தான் இருக்க வேண்டும் என்று காசிலிங்கம் முடிவு பண்ணிக்கொண்டான். எந்தக் கத்தாழையானாலும் தாணுலிங்க அண்ணாச்சியைவிட அதைத் தெரிந்தவர் ஊரில் கிடையாது. கடற்கரையில் நாற்பது வருஷமாகக் கத்தாழை நாரில் கயிறு திரிக்கிறவர்.

இறுகிக் கிடக்கிறது, கையோடு வரமாட்டேன் என்கிறது என்று அவரிடம் சொன்னான். அவர் தலை நிமிரவில்லை.

"மூணு நாளு தண்ணியில ஊறப்போடுலே. அது பாட்டுக்கு வரும்."

கிணற்றடியில் பெரிய பீப்பாய் ஒன்று இருந்தது. செடியைத் தொட்டியோடு அதற்குள் இறக்கி, மேலே ஒரு கல்லையும் வைத்தான். மூன்றாம் நாள் அண்ணாச்சி சொன்னபடியே வந்தது. ரொம்பவும் லேசாக வந்ததுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை. இலைகள் ஈரத் துணியாகத் தொங்கின. திரும்பவும் கடற்கரைக்கு ஓடினான்.

"இலை தொளதொளன்னு கிடக்கு அண்ணாச்சி."

"அப்படித்தாம்லே கிடக்கணும். இனிக் கட்டைய எடுத்து நல்லா அடி. நாரு தனியாப் பிரிஞ்சிரும்."

"நாரு எதுக்கு? நான் செடிய வளக்கணும் அண்ணாச்சி."

தாணுலிங்கம் திரித்துக்கொண்டிருந்த கயிற்றை விட்டுவிட்டு அவனைப் பார்த்தார்.

"வளக்கவா? அத எதுக்குலே வளக்கணும்?"

நாற்பது வருஷத்தில் அவரிடம் யாரும் அந்த யோசனையோடு வந்ததில்லை. அவர் மறுபடியும் கயிற்றைக் கையில் எடுத்தார்.

சோர்ந்து கிடக்கிறவனுக்குச் சோறு போடுவதுதான் காசிலிங்கத்துக்குத் தெரிந்த வைத்தியம். ஆட்டை முக்குகிற அளவுக்கு ஒரு பெரிய தொட்டி தேடிப் பிடித்தான். குளத்துக் களிமண்ணை அள்ளி நிரப்பினான். அதன்மேல் இரண்டு கூடை ஆட்டுப் புழுக்கை. காலையில் ஒரு குடம், சாயந்திரம் ஒரு குடம். செடி சாய்ந்தது. குச்சி நட்டுக் கட்டினான். குச்சியோடு சாய்ந்தது. தண்ணீர் போதவில்லையோ என்று மத்தியானமும் ஒரு குடம் ஊற்றினான்.

ஏழாம் நாள் தெருவில் போனவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். எட்டாம் நாள் குருத்தைத் தொட்டுப் பார்த்தான். அது கையோடு வந்துவிட்டது. உள்ளே கூழ். கிணற்றுக்குப் பின்னால் குழி வெட்டி அதைப் புதைத்தபோது அவன் கண்ணுக்கு உப்பளம்தான் தெரிந்தது.

அன்று மத்தியானமே கடப்பாரையோடு ரயில் வேலிக்குப் போனான். அளவு பார்த்து, இலையை எண்ணிப் பார்த்து ஒன்றைத் தோண்டிக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு குரல்.

"யாருவே அது, பட்டப்பகல்ல ரயில் வேலியத் தோண்டுதது?"

ரயில்வே கேட் கீப்பரின் மனைவி ஜெயசெல்வி இடுப்பில் கைவைத்து நின்றாள். அவள் வீட்டு வாசலில் தகர டின்களில் நாலு கத்தாழை ஜம்மென்று நின்றன. அதைப் பார்த்ததும் பொய் சொல்லத் தோன்றாமல் நடந்ததை எல்லாம் கொட்டிவிட்டான், யார் வீடு என்பதைத் தவிர. பீப்பாய் வந்த இடத்தில் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"தண்ணி ஊத்தியே கொன்னுருக்கீரு. மண்ணு காஞ்சு கிடக்கும்போதுதான் எடுக்கணும். எடுத்தா மண்ண உதறிட்டு, அழுகின வேர வெட்டிட்டு, ரெண்டு நாளு நிழல்ல போடணும், வெட்டுன இடம் காய. தொட்டி ரெண்டு விரக்கடை பெருசாயிருந்தாப் போதும், இடுக்கத்துல கிடந்தாத்தான் அதுக்குச் சொகம். அடியில ஓட்டை. சல்லியும் மணலும் பாதி, மண்ணு பாதி. வச்சிட்டு ஒரு வாரம் தண்ணிய மறந்துரும்."

"தண்ணி இல்லாமச் செத்துட்டா யக்கா?"

"தண்ணி இல்லாம இது செத்து இந்த ரயில் ரோட்டுல நான் பாத்ததில்ல."

ஒரு சொல் தவறாமல் அப்படியே செய்தான். பத்தாம் நாள் தொட்டியில் வைத்தான். பன்னிரண்டாம் நாள் காலை, கத்தாழை வாசலில் பாரா நிற்கிற போலீஸ்காரன் மாதிரி விறைத்து நின்றது.

ஹில்டா அம்மா வண்டி நிற்குமுன்னே இறங்கினாள். முகத்தில் ஒரு துள்ளல். வீட்டுக்குள் போகாமல் நேரே தொட்டியிடம் வந்தவள், அப்படியே நின்றாள். துள்ளல் போய்விட்டது. ஒரு இலையை விரலால் அழுத்தினாள். அது அழுந்தவில்லை.

"இது அதே செடிதானா காசி?"

கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தான். அதேதான் என்றான். வேர் ஒன்றுகூட அறுபடவில்லை என்றான். ஒருநாள்கூட வாடவில்லை, முன்னைக்கு இப்போது இரண்டு இலை கூட என்றான். சொல்லச் சொல்ல அவள் முகம் கறுத்துக்கொண்டே போனது. பொய்ச் சத்தியத்துக்குத் தன் அம்மனை இழுக்க மனம் வராமல், மாதா கோயில் பக்கம் கையை நீட்டினான்.

"மாதா மேல சத்தியமா, அய்யா கொண்டாந்த அதே செடிதாம்மா. இனி இது நூறு வருசத்துக்குச் சாகாது."

ஹில்டா அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். வாசல்படியில் உட்கார்ந்தாள். பிறகு அவனைப் பார்க்காமலே சொன்னாள்.

"நாளையில இருந்து நீ வரவேண்டாம்."

காசிலிங்கத்துக்கு ஒன்றும் ஓடவில்லை. திருட்டு தெரிந்திருந்தால் திட்டியிருப்பாள். தெரியவில்லை என்றால் ஏன் போகச் சொல்கிறாள்? சமையற்கட்டுக்குப் போய் மூட்டை அவிழ்த்துக்கொண்டிருந்த பிலோமியிடம் முறையிட்டான். சொன்ன வேலையைச் செய்யவில்லையா, செடி நன்றாகத்தானே நிற்கிறது என்று கேட்டான். பிலோமி வாசல் பக்கம் எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஏலே கூறுகெட்டவனே, தோட்டம் தெரிஞ்ச ஒம்பது பேரத் திருப்பி அனுப்பிட்டு, அந்தக் கொழும்புக்காரி அய்யாவுக்கு ஆசையாக் குடுத்த செடிய நிச்சயமாச் சாவடிச்சிருவான்னு நம்பித்தான அம்மா உன்னை வேலைக்கு எடுத்தாவ."