யானைக்கு எத்தனை பெயர்

மனித நாகரிகத்தின் அடுத்த கட்டம் ஒட்டுசுட்டானுக்குப் போகும் வழியில், எங்கள் அலுவலக வாசலில்தான் தொடங்கியது. அலுவலகத்தின் பெயரை அடக்கம் கருதிச் சொல்லவில்லை.

சென்ற ஐப்பசியில் வாசலுக்கு ஒரு வெள்ளைப் பலகை வந்தது. நாள்தோறும் அதில் 'இன்றைய பொது அறிவு' எழுதப்பட வேண்டும் என்று பொறுப்பதிகாரி மயில்வாகனம் சேர் பணித்தார். எழுதும் பெரும் பேறு எழுதுவினைஞனான எனக்குக் கிடைத்தது. தேனீக்குக் கண் ஐந்து. ஆடிக்கூழுக்கு என்ன மா. ஒல்லாந்தர் எந்த வழியால் வந்தார்கள். காலையில் எல்லோரும் பலகை முன் நின்று உரத்து வாசிப்போம். பிறகு தேநீர். தேநீருக்குப் பிறகு விவாதம். மிஞ்சிய நேரத்தில் மக்கள் சேவை.

தை மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் விமலேஸ்வரி அக்கா வந்தா. தனி ஆளாக இரண்டு ஏக்கர் வயல் செய்பவ.

“தம்பி, மின்வேலிக் கம்பி அறுந்துபோச்சு. யானை வயலுக்குள்ள இறங்கீட்டுது. கதிர் முத்துற நேரம். கம்பியைக் கட்டச் சொல்லி வனவிலங்கு அலுவலகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கோ.”

கடிதத்துக்குச் சேரின் கையெழுத்து வேண்டும். உள்ளே கூட்டிப்போனேன். 'யானை' என்ற சொல்லைக் கேட்டதும் சேரின் முகம் மலர்ந்தது. அடுத்த நாள் பலகைக்கு அவருக்கு விடயம் கிடைக்காமல் இருந்தது.

“யானைக்குத் தமிழில எத்தனை பெயர் தெரியுமோ?”

“யானைதான், ஐயா.”

“வேழம், வாரணம், கரி, உம்பல்...”

“அவ்வளவும் வந்ததோ தெரியாது. நான் கண்டது ஒண்டைத்தான்.”

“ஆணெண்டால் களிறு. பெண்ணெண்டால் பிடி. படிவத்தில சரியாப் போடவேணும். உங்கட வயலில பிடி நிக்குதோ?”

“இப்பிடியே விட்டால் ஒரு பிடியும் நிக்காது, ஐயா.”

சேர் படிவத்தில் எழுதினார்: 'பிடி இல்லை. எனவே களிறு.'

செவ்வாய்க்கிழமை கடிதத்தின் சொல்லாட்சி பற்றி அவசரக் கூட்டம் நடந்தது. புதிதாக வேலைக்கு வந்த யதுர்ஷிகா அனுபவக் குறைவால் ஒரு யோசனை சொன்னாள்.

“சேர், 'யானை' எண்டு போட்டால் அவைக்கு விளங்கும்.”

“விளங்கிறதுக்கு எழுதினால், பிறகு நாங்கள் எதுக்கு?” என்றார் சேர். கூட்டக் குறிப்பில் அதை அடிக்கோடிட்டு எழுதினேன்.

புதன்கிழமை அக்கா மறுபடியும் வந்தா. காலில் சேறு காயவில்லை.

“ஒரு ஏக்கர் போச்சு, தம்பி. கடிதம் போட்டாச்சோ?”

“வேழமோ வாரணமோ எண்டு இன்னும் முடிவாகேல்ல, அக்கா.”

அவா கதிரையில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தா. நான் பலகையைப் பார்த்தேன்.

வியாழக்கிழமை 'வேழம்' வென்றது. 'மேற்படி வேழம் வயலில் நிற்பதனால் ஆவன செய்யவும்' என்று கடிதம் போனது. வெள்ளி காலையே திரும்பி வந்தது. அங்கேயும் ஒரு தமிழறிஞர் இருந்திருக்கிறார். 'வேழம் எனில் கரும்பு எனவும் பொருள்படும். கரும்புச் செய்கை எமது பொறுப்பிலில்லை' என்று ஓரத்தில் குறித்திருந்தார். சேர் அந்த நுட்பத்தை வியந்து, கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டச் சொன்னார். அன்று பின்னேரம் அக்காவின் வயலில் யானைக்கு வேலை எதுவும் மிஞ்சவில்லை.

மாசியில் எங்களுக்கு 'அறிவுசார் அலுவலகம்' விருது கிடைத்தது. மண்டபத்துக் கதிரைகளை நிரப்பப் பயனாளிகளையும் அழைத்திருந்தோம். விமலேஸ்வரி அக்கா பின்வரிசையில் இருந்தா. விருதோடு பொது அறிவுப் போட்டியும் நடந்தது. சேரே ஒலிவாங்கியைப் பிடித்துக் கேட்டார்:

“ஒரு காட்டு யானை எவ்வளவு சாப்பிடும்?”

அக்கா எழும்பினா.

“ஐஞ்சு நாளில இரண்டு ஏக்கர், ஐயா.”

“பிழை!” என்றார் சேர். “நாளொன்றுக்கு ஏறக்குறைய நூற்றைம்பது கிலோ.”

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பிழை என்று சேர் சொன்னது முற்றிலும் சரி. யாருடைய பிழை என்று மட்டும் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால், தட்டிக்கொண்டிருந்த அத்தனை கைகளும் உயர்ந்திருக்க வேண்டும். முதலாவதாக என்னுடையது.