இன்னொண்ணு மாஸ்டரும் நிற்காத ட்ரெட்மில்லும்

தன்னைத் தேடி வந்த ஆட்களையெல்லாம் தானே திட்டித் துரத்திவிட்டு, ஏன் ஒருத்தனும் வருவதில்லை என்று மனதாரக் கவலைப்பட்ட முதலாளி இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் இன்னொண்ணு மாஸ்டர்.

இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில் ஓசூரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். கேன்டீன் சாப்பாட்டில் பேன்ட் எல்லாம் இறுகிப்போகவே, ராயக்கோட்டை ரோட்டில் இருந்த மாஸ்டரின் ஜிம்மில் சேர்ந்தேன். ஜிம் என்றால் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ஷெட். அதற்கு முன்பு அது மாம்பழக் குடோன். சுவரில் ஊறிப்போன வாசனை போகவே இல்லை. ஒரு செட் முடிப்பதற்குள் அகோரமாகப் பசிக்கும். எடைகளெல்லாம் பழைய இரும்புக் கடையில் வாங்கிய பல்சக்கரங்கள்.

மாஸ்டர் எண்ணுவதுதான் கொடுமை. எட்டு வரை தமிழில் போவார். ஒன்பது வர வேண்டிய இடத்தில் கன்னடத்துக்குத் தாவி 'ஆறு, ஏளு' என்பார். நாம் சுதாரிப்பதற்குள் தெலுங்கில் 'அய்து' என்று ஐந்துக்கே இறங்கிவிடுவார். எந்த மொழியிலும் பத்து வராது. தப்பித் தவறி வந்துவிட்டால் 'இன்னொண்ணு' என்பார். பெயர் அப்படி வந்ததுதான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வாய்தான் அவருக்குச் சத்ரு. ஒருநாள் பேங்க் கிளார்க் ஒருவர், நாற்பது வயதிருக்கும், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். மாஸ்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"சார், இது வயிறா, ஸ்டெப்னியா?"

ஷெட்டே சிரித்தது. நானும் சிரித்தேன். கிளார்க் செருப்பை மாட்டிக்கொண்டு போனவர் போனவர்தான்.

அந்த வருடம் பாகலூர் ரோட்டில் ஏசி போட்ட ஜிம் ஒன்று திறந்தார்கள். பளபளவென்று கண்ணாடி, பாட்டு, வரிசையாக ட்ரெட்மில். மாஸ்டரிடமிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். கடைசியில் ஷெட்டில் மிஞ்சியது நானும் ஒரு பல்லியும். நானும் ஓவர்டைம் என்று பொய் சொல்லிவிட்டு ஏசி ஜிம்மில் சேர்ந்துவிட்டேன். பல்லியின் விசுவாசம் எனக்கு இல்லை.

சேர்ந்த பத்தாவது நாள் காலை. குரங்குக் குல்லாயும் கூலிங் கிளாஸும் போட்ட ஒரு உருவம் உள்ளே வந்தது. நடையைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. மாஸ்டர் வேவு பார்க்க வந்திருக்கிறார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு மூலையில் நின்றேன். வரவேற்பில் இருந்த பெண் வயது, எடை, உங்கள் லட்சியம் என்ன என்று வரிசையாகக் கேட்க, அவர் எல்லாவற்றுக்கும் 'ம்' என்றார். பிறகு நேராக ட்ரெட்மில்லில் ஏறி ஒரு பொத்தானை அழுத்தினார்.

முதலில் நடந்தார். நிறுத்தலாம் என்று இன்னொரு பொத்தானை அழுத்தினார். அது வேகத்தைக் கூட்டும் பொத்தான். ஓடினார். மறுபடி அழுத்தினார். பறந்தார். இருபது நிமிடம் ஓடினார். யாரையாவது கேட்டிருக்கலாம், ஆனால் மாஸ்டர் யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவர். எனக்கு நிறுத்தும் பொத்தான் எது என்று தெரியும். போனால் நான் மாட்டிக்கொள்வேன். இருக்கிற பத்தடி தூரத்தைக் கடக்கத் தைரியம் வரவில்லை.

பக்கத்து ட்ரெட்மில்லில் இருந்த ஒருவர் இறங்கி வந்து சிவப்புப் பொத்தானை அழுத்தினார். மாஸ்டரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அந்த பேங்க் கிளார்க். குல்லாய்க்குள் இருப்பது யாரென்று அவருக்குத் தெரியவில்லை.

"மொத நாள் எல்லாருக்கும் இப்படித்தாங்க இருக்கும். பயந்துக்காதீங்க," என்றார்.

மாஸ்டர் குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போனார். அதற்குமேல் என்னால் ஒளிந்துகொள்ள முடியவில்லை. பின்னாலேயே ஓடினேன். எதிர் டீக்கடை பெஞ்சில் குல்லாயோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து ஆச்சரியப்படக்கூட இல்லை. எத்தனை நாளாக என்று மட்டும் கேட்டார். பத்து நாள் என்றேன். டீ சொன்னார். பாதி குடித்துவிட்டுச் சொன்னார்.

"உள்ள நுழையறப்பவே திரும்பி ஓடிடலாமான்னு இருந்துச்சுடா. அந்தப் பொண்ணு எடை என்னன்னு கேட்டதுக்கே வேர்த்துப் போச்சு. நம்ம ஷெட்டுக்கு வர்றவனுக்கும் இப்படித்தான இருந்திருக்கும்? நான் வாசல்லயே நின்னுகிட்டுக் கடிச்சிருக்கேன்."

மறுநாள் அந்தக் கிளார்க் வேலை பார்க்கும் பேங்குக்குப் போனார். துணைக்கு என்னையும் இழுத்துப் போனார். டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நின்று, முறை வந்ததும், ஷெட்டில் பேசும் அதே குரலில் சொன்னார்.

"அன்னைக்கு உங்க வயித்த ஸ்டெப்னின்னு சொன்னவன் நான்தான். தப்புங்க. மன்னிச்சுக்கணும்."

அதுவரை அந்த விஷயம் தெரியாத மொத்த பேங்கும் தெரிந்துகொண்டது. கிளார்க் கொஞ்சம் மெதுவாகப் பேசும்படி கெஞ்சினார். பிறகு அவரே அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். அடுத்த திங்கட்கிழமை ஷெட்டுக்கு வந்தார், கேஷியரையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு.

அதற்குப் பிறகு புதிதாக யார் வந்தாலும், எடையை எப்படிப் பத்திரமாகக் கீழே வைப்பது என்றுதான் மாஸ்டர் முதலில் சொல்லிக்கொடுத்தார். திட்டுவதற்கு வாய் திறந்தால் உடனே இருமிச் சமாளிப்பார். பாவம், ஒரு மாதம் முழுக்க இருமினார். ஷெட் நிரம்பி வழியவில்லை. ஆனால் பல்லிக்குத் துணையாக, திரும்பி வந்த என்னையும் சேர்த்துக் காலையில் பத்துப் பேர், சாயங்காலம் பதினைந்து பேர் இருந்தார்கள்.

இரண்டு வருடம் கழித்து விருதுநகரில் எனக்குக் கல்யாணம். கும்பிட்டுப் பத்திரிகை கொடுத்தேனே தவிர, அவ்வளவு தூரம் வருவார் என்று நினைக்கவில்லை. சேலம், மதுரை என்று மூன்று பஸ் மாறி வந்து நின்றார். கையில் பூப்போட்ட காகிதம் சுற்றிய ஒரு பார்சல். வாங்கிய என் மைத்துனன் அப்படியே முன்னால் சாய்ந்தான். உள்ளே ஒரு ஜோடி டம்பெல்ஸ்.

இவ்வளவு கனத்தை பஸ்ஸில் எங்கே வைத்துக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டேன். மடியில்தான் என்றார். கீழே வைத்தால் காகிதம் கசங்கிவிடுமாம்.