கொக்கு வளையமும் தூங்குமூஞ்சி மரமும்

படம் சொல்லி என்று ஓர் இனம் இருக்கிறது. ஊரில் எந்தத் திடலில் இரண்டு மூங்கிலை நட்டு வெள்ளைத் துணி கட்டினாலும், துணி காற்றில் ஆடி நிற்பதற்குள் இவர் சொந்த நாற்காலியோடு வந்துவிடுவார். நம்மைப் போலப் படம் பார்க்க அவர் வருவதில்லை. படத்துக்குத் தெரியாததைப் படத்துக்கே சொல்லிக்கொடுக்க வருகிறார்.

கிளியனூரில் மல்லாட்டை மண்டி, அதாவது நிலக்கடலை மண்டி, வைத்திருக்கும் விருத்தாசலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூட்டை தூக்கி, தரகு பார்த்து, சொந்த மண்டி வைத்தவர். அந்த மட்டில் அவரைக் குறை சொல்ல நாக்கு வராது. படிப்பு இரண்டாம் வகுப்பு. அதுவும் குறையில்லை. அதற்கும் குறைந்த படிப்பை வைத்துக்கொண்டு உலகத்தை விலை பேசியவர்கள் உண்டு, இதை எழுதுகிற கை உட்பட. ஆனால் 'தெரியாது' என்ற ஒரு சொல் வாய் வரை வந்தால், கருவாட்டு முள் சிக்கியது போல மனிதர் தவித்துப்போவார்.

விழுப்புரத்திலிருந்து சர்க்கார் பிரசார வண்டி வந்து படம் போட்டது, அளவுக்கு மிஞ்சிய நிலத்தைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளும் நில உச்சவரம்புச் சட்டம் வந்த புதிதில். தபால்காரரின் காக்கிச் சட்டையைக் கண்டாலும் ஜனங்கள் தங்கள் வரப்பைத் திரும்பிப் பார்த்துக்கொண்ட காலம் அது.

முதல் படத்தில் நாலு வெள்ளைக்காரர்கள் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு பனிமலை ஒன்றில் ஏறினார்கள். ஒலிபெருக்கியில் ஒருவர் இங்கிலீஷில் விவரித்தார். விருத்தாசலம் அவரை முந்திக்கொண்டார்.

"அது உப்பு மலை. நம்ம மரக்காணத்து உப்பளம் மாதிரிதான், கொஞ்சம் பெருசு."

"கயிறு இன்னாத்துக்குண்ணே?"

"மடியில உப்பைக் கட்டிக்கினு ஓடிடப் போறான்னு ஒருத்தனோட ஒருத்தனை முடிஞ்சி வெச்சிருக்கான் மொதலாளி."

மூக்கில் மூடி ஏன்? உப்பு நெடி. கறுப்புக் கண்ணாடி ஏன்? உப்புக் கூச்சம். கூட்டம் சொக்கிப்போனது. மரக்காணத்திலிருந்து மீன் விற்க வந்து தங்கிவிட்ட பவுனு மட்டும், "எங்கூரு உப்புல இம்மாம் தூரம் நடந்தா காலு வெந்து பூடும், இவன் சிரிச்சிக்கினு போறான்" என்று முனகினாள்.

"பூட்ஸ் போட்டுக்கினு கீறான் பாரு" என்றார் விருத்தாசலம். கேள்வி முடிவதற்குள் பதில் வந்து நிற்கும். அதுதான் இந்த இனத்தின் அடையாளம்.

இரண்டாவது படத்தில் ஓர் ஏரி, ஏரி நிறையப் பறவைகள். ஒரு மனிதர் கொக்கு ஒன்றைப் பிடித்து, காலில் சின்ன வளையம் மாட்டி, பறக்கவிட்டார். ஏன் மாட்டினார்? விருத்தாசலத்துக்குச் சத்தியமாகப் புரியவில்லை. ஆனால் கூட்டம் திரையை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தது. திறந்த வாயைச் சும்மா மூட முடியுமா?

"நம்பர் போட்டுட்டான். இனிமே கொக்கு சர்க்கார் சொத்து. அது குந்துற மரமும் சர்க்காருது. மரம் நிக்கிற நெலமும் சர்க்காருது. உச்சவரம்புக்கு இப்படிச் சுத்தி வர்றாங்க."

வெள்ளையம்மாள் எழுந்துவிட்டாள். ஏரிக்கரையோரம் அவளுக்கு ஒரு காணி நிலம், வரப்பில் ஒரு புளியமரம், மரம் கொள்ளாத கொக்கு. எச்சம் விழுந்து விழுந்து அவள் கேப்பை மட்டும் மற்றவர் கண் படும்படி கதிர் விட்டது. புருஷன் போன பிறகு பிள்ளைகளுக்குக் கூழ் ஊற்றியது அந்த மரம்தான்.

"அண்ணே, நான் இன்னா பண்ணட்டும்?"

"விடிஞ்சதும் வெட்டிப்புடு. மரம் இல்லன்னா கொக்கு இல்ல. கொக்கு இல்லன்னா சர்க்காரும் இல்ல."

படம் ஓட்ட வந்த சீனுவாசன் மிஷினை நிறுத்தினார். "யம்மா, அது எங்கேர்ந்து எங்க பறந்து போவுதுன்னு தெரிஞ்சிக்கப் போடுற வளையம். நெலத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. பறவைங்களைக் காப்பாத்துங்கன்னுதான் படமே போடுறோம்."

"ஆபீஸருங்க அப்டித்தான் நைஸா சொல்வாங்க" என்றார் விருத்தாசலம். கூட்டம் அவர் பக்கம் தலையாட்டியது. ஆட்டாமல் என்ன? ஓட்டுகிறவர் சம்பளத்துக்குச் சொல்கிறார். இவர் சும்மா சொல்கிறார். சும்மா கிடைப்பதை நம்மவர்கள் என்றைக்கு விட்டார்கள்?

வெள்ளையம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சரிண்ணே. உன் மண்டி வாசல்ல தூங்குமூஞ்சி மரம் நிக்கிதே. அதுல என் மரத்தைவிட ரெண்டு பங்கு கொக்கு. அப்ப மண்டி யாருது?"

கூட்டம் மறுபடியும் அவர் முகத்தைப் பார்த்தது. விருத்தாசலத்தின் கண்ணில் அந்த மரம் வந்து நின்றது. பதினெட்டுப் பட்டி வண்டிகளும் அதன் நிழலுக்காகத்தான் அவர் வாசலில் அவிழ்த்துவிடுகின்றன. அவிழ்த்த வண்டி வேறு மண்டிக்குப் போவதில்லை. ஒரே ஒரு சொல் போதும், மரம் பிழைக்கும். சொல் தொண்டை வரை வந்தது. முள் சிக்கியது.

"நாளைக்கே வெட்டுறேன். நான் சொன்னாச் செய்றவன்."

"நீ மொதல்ல வெட்டுண்ணே. பாத்துட்டு நான் வெட்டுறேன்."

வெட்டினார். கொக்குகளெல்லாம் குடும்பத்தோடு வெள்ளையம்மாள் மரத்துக்குக் குடிபோயின. அவள் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். நிலத்தை அளக்க யாரும் வரவில்லை. வண்டிகள், வேப்ப மரம் இருக்கிற வேங்கடேசன் மண்டிக்குப் போய்விட்டன. விருத்தாசலம் வெட்ட வெளியில் குடை பிடித்துக்கொண்டு, நிழலில் போட்டால் மல்லாட்டைக்கு எண்ணெய் இறங்காது என்று, போகிற வருகிறவர்களுக்கு விளக்கிக்கொண்டிருக்கிறார்.

நல்லவேளை, நாம் அப்படி இல்லை என்கிறீர்களா? இருக்கட்டும். படித்துக்கொண்டே பக்கத்தில் இருப்பவரிடம், "இது நம்ம தெருக்கோடி ஆளைத்தான் சொல்லுது" என்றீர்களே, அவர் உங்களைக் கேட்டாரா? போகட்டும். உங்கள் வாசலிலும் ஒரு மரம் இருக்குமே, நிழல் இருக்கும்போதே அதை ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.