மக்கீனும் நானும்

'அவரும் நானும்' என்றொரு வகை மனிதர் உண்டு. ஊரில் பெயர் பெற்ற ஒருவர் மௌத்தானதும் மேடையில் முளைப்பவர்கள். போனவரைப் பற்றிப் பேசத்தான் எழும்புவார்கள். இரண்டாவது வசனத்தில் அவரை இறக்கிவிட்டுத் தாங்கள் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். யாரைச் சொல்கிறேன் என்று தேட வேண்டாம். என்னைத்தான்.

சாய்ந்தமருது மக்கீன் விமானப்படையில் ஹெலிகொப்டர் ஓட்டியவர். காட்டுக்கு மேலே இயந்திரம் மக்கர் பண்ண, வரிப்பத்தான்சேனை வயலுக்குள் இறக்கிவிட்டு, சேறு பூசிய சப்பாத்தோடு மாட்டு வண்டியில் ஊர் வந்தவர். எழுபத்தெட்டுச் சூறாவளியில் நாங்கள் கூரையில்லாமல் குந்தியிருந்தபோது வானத்திலிருந்து பசிக்குப் பாண் போட்டவர். எண்பத்திரண்டில் அவர் மௌத்தாக, கல்முனையில் நினைவுக் கூட்டம் வைத்தோம்.

பேசிய ஒவ்வொருவருக்கும் மக்கீன் தனித்தனியாகப் பாண் போட்டிருந்தார். ஒவ்வொருவரையும் பார்த்துக் கையும் அசைத்திருந்தார். இப்படி ஓயாமல் கையசைத்த மனுசன் ஹெலிகொப்டரை எந்தக் கையால் ஓட்டினார்? கேட்க எனக்கு வாய் வரவில்லை. என் பேச்சிலும் ஒரு பாண் இருந்தது.

என் முறை வந்தபோது, பெண்கள் பக்கத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"நானும் ரெண்டு சொல்லு கதைக்கட்டா?"

இறக்காமத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்த றாஹிலா.

தலைவர் ஜவுபர் என்னைப் பார்த்தார். "மஃரிபுத் தொழுகைக்கு முன்ன ஒராளுக்குத்தான் நேரமிருக்கி, காக்கா."

விட்டுக்கொடுத்தேன். சும்மாவா? விட்டுக்கொடுப்பதன் மேன்மை, மக்கீனின் விட்டுக்கொடுக்கும் குணம், அதை நான் அவரிடம் கற்ற விதம் எல்லாம் விளக்கி, இருந்த நேரத்தில் பாதியைத் தின்ற பிறகுதான்.

றாஹிலா அவசரமாகச் சொன்னாள்.

"புயலடிச்ச மறுநாள் எனக்குப் புள்ள வலி. சுத்திவரத் தண்ணி. அவர் ஹெலிகொப்டரக் குளக்கட்டுல இறக்கி, என்னத் தூக்கி ஏத்தினார். 'பயப்படாதீங்க தங்கச்சி' எண்டார். ஆசுபத்திரியில மவன் பொறந்தான். அவர்ர முகத்த நான் சரியாப் பாக்கவுமில்ல. பேர மட்டும் கேட்டு வெச்சிருந்து மவனுக்கு இட்டன். இதச் சொல்லத்தான் வந்த."

மண்டபமே கண்ணைத் துடைத்தது. நானும் துடைத்தேன். உண்மையாகவே.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கமீலா கேட்டாள்: "கூட்டம் எப்படி?"

"அருமை! இறக்காமத்துப் பொம்புள ஒராள் கதைச்சா, சபையே அழுதுட்டு. அவ கதைச்சது என்ட நேரத்துல, விளங்கிச்சா?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் சூறாவளி என்று வாசித்ததும், அன்றைக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள், உங்கள் கூரை எந்தப் பக்கம் பறந்தது என்று ஒரு கணம் யோசித்தீர்கள் அல்லவா? வெட்கப்படாதீர்கள். என் பக்கத்துக் கதிரை சும்மாதான் கிடக்கிறது, வந்து உட்காருங்கள்.